நடக்கத் தோதான ஷூ

மதிவதனி சைக்கிள் எடுத்தால் வழியெல்லாம் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணூரிலிருந்து கணவன் இளம்பரிதியோடு கிளம்பினால், ஏரிக்கரையைக் கண்டதும் இறங்கி நடப்பாள். பூக்கட்டிக்கொண்டிருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். நல்ல முளைக்கீரை கண்ணில் பட்டால் வாங்கி முதுகுப்பையில் திணித்துக்கொள்வாள். அதற்குள் இளம்பரிதியின் சைக்கிள் குழு ஒரகடம் தாண்டிப் போயிருக்கும். அவன் பாதி வழியில் நின்று அவளுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இருவருக்கும் கம்பெனி வேலை. அவன் கார் பாகங்கள் செய்யும் இடத்தில் குவாலிட்டியில் இருந்தான். அவள் எலக்ட்ரானிக்ஸ் லைனில், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி நுணுக்கமாகச் சால்டரிங் வைப்பவள். ஷிப்ட் ஒத்துவருவதே அரிது என்பதால் ஞாயிற்றுக்கிழமையை இருவருமே விரும்பினார்கள்.

ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் க்ளிப் பெடல் போட்டுக்கொடுத்தால் அவளும் குழுவோடு வேகமாக வந்துவிடுவாள் என்று இளம்பரிதி முடிவு செய்தான். படப்பையில் ஷாரோனின் சைக்கிள் கடைக்கு அவளை அழைத்துப் போனான்.

ஷாரோன் இரண்டு வகை ஷூவை எடுத்து வைத்தாள். ஒன்று வெள்ளை. கட்டைபோல வளையாத சோல், அதன் அடியில் பெடலில் பூட்டுவதற்காகத் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பிளாஸ்டிக் க்ளீட். மற்றது பழுப்பு. அதில் சின்ன இரும்பு க்ளீட் ரப்பர் சோலின் குழிக்குள் மறைந்து கிடந்தது. மதிவதனி பழுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கடை வாசல் வரைக்கும் நடந்து திரும்பினாள்.

"இது நல்லா கீது பரிதி. சாதா ஷூ மாதிரியே நடக்க வருது."

"அது வெயிட்டு மதி. நம்ம க்ரூப்ல எல்லாரும் இன்னா போட்டுகினு வராங்கன்னு பாத்தல்ல?"

"அவங்க நிக்காம போறவங்க. நான் நின்னு நின்னு போறவ."

"அந்தப் பழக்கத்ததான் விடணும்ன்றேன்."

ஷாரோன் இடையில் வந்தாள். "வெள்ளை ஷூ ஓட்றதுக்கு சூப்பர்ண்ணா. ஆனா கீழ எறங்குனா வாத்து நடதான். அக்கா எறங்கி நடப்பாங்கன்னா பழுப்ப எடுங்க. பெடலும் ஒரு பக்கம் க்ளிப், ஒரு பக்கம் சாதான்னு கீது, அதப் போட்டுத் தரேன்."

"எறங்குனாத்தான?" என்று இளம்பரிதி சிரித்தான்.

மதிவதனி பழுப்பு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "சரி, வெள்ளையையே குடு ஷாரோன்" என்றாள்.

குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் ஷூ பெடலை விட்டு வந்துவிடும். வீட்டுக்கு முன்னாலிருக்கும் காலி மனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அதைப் பழகினாள். சீக்கிரமே கைவந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள். வடக்குப்பட்டு ஏரி வந்தபோது அவள் தலை ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியதை அவன் பார்த்தான். நிற்காமல் வந்துவிட்டாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

சேரப்பணஞ்சேரியில் குழு டீக்கடையில் நின்றது. விடியலில் தூறியிருந்தது. கடைப்படியில் பளபளவென்று கிரானைட் பதித்திருந்தார்கள். இளம்பரிதி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மதி, எனக்கும் ஒரு டீ சொல்லி எடுத்துகினு வா" என்றான். அவள் குதிகாலை ஊன்றி ஊன்றி உள்ளே போனாள். கையில் கிளாஸோடு திரும்பி வந்து ஈரப்படியில் கால் வைத்தாள். பிளாஸ்டிக் க்ளீட் வழுக்கியது. வலது கையை ஊன்றியபடி விழுந்தாள்.

மணிக்கட்டு உடைந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் விரல்களில் பழைய நிதானம் வரவில்லை. சால்டரிங் முனை நடுங்கியது. சூப்பர்வைசர் நல்லவிதமாகவே பேசி அவளை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார். "நல்லதுதான், இப்ப கண்ணு வலிக்கறதில்ல" என்று அவள் வீட்டில் சொன்னாள்.

பார்க்க வந்த எல்லாரிடமும் கல்லு வழுக்கிவிட்டது என்றே சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்த இளம்பரிதி ஒவ்வொரு முறையும் வாய் திறக்கப் பார்த்து, திறக்காமலே விட்டான். ஒருநாள் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது, முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"கல்லு இல்ல மதி. ஷூ."

"தெரியும்."

"அப்ப ஏன் எல்லார்கிட்டயும் கல்லுன்ற?"

"காலு என்னுது. வேணாம்னு எழுந்து வந்திருக்கலாம். நீ ஆசப்பட்றியேன்னு போட்டுகினேன்." தலையை முன்னால் இழுத்துக்கொண்டு, "இறுக்கிப் பின்னாத, வலிக்குது" என்றாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவன் நேராகப் படப்பைக்குப் போனான். அதே பழுப்பு ஷூவையும், ஒரு பக்கம் க்ளிப், ஒரு பக்கம் சாதாவாக இருக்கும் பெடலையும் கேட்டான். ஷாரோன் இரண்டையும் எடுத்து வைத்தாள். "சாயங்காலத்துல காலு கொஞ்சம் வீங்கும், அப்பப் போட்டுப் பாக்கச் சொல்லுங்கண்ணா. விரலுக்கு முன்னாடி எடம் இருக்கணும்" என்று மட்டும் சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

மதிவதனி கூடத்தில் நடந்து பார்த்தாள். "அன்னிக்கே இது நல்லாதான் இருந்துச்சு" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

சைக்கிளைக் காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்தியவள் உதட்டைக் கடித்தாள். இன்னொரு முறை அழுத்தினாள். வலது கை விரல்களின் பிடி பாதியில் நின்றது. மெதுவாக இறங்கி, சைக்கிளை அவனிடம் கொடுத்தாள்.

"அவசரம்னா வண்டி எனக்கு நிக்காது பரிதி. எங்க லைன்ல ஐஸ்வர்யா ரொம்ப நாளா கேட்டுகினு இருந்தா. அவளுக்கே குடுத்துடலாம்."

"கொஞ்ச நாள் போட்டும் மதி. பிசியோ பண்றல்ல."

"பண்றேன். சைக்கிள் வேணாம்."

அவன் வற்புறுத்தவில்லை. அன்றைக்குக் கடையில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டான். "அப்ப உனக்கு இன்னா வேணும்?"

அவள் யோசித்தாள். "ஞாயித்துக்கெழம ஏரிக்குப் போணும். பைக்ல கூட்டிகினு போ."

ஐஸ்வர்யா வந்து ஓட்டிப் பார்த்தாள். இளம்பரிதியே உட்கார்ந்து அவளுக்குச் சாதாப் பெடல் மாட்டிக் கொடுத்தான். மதிவதனி அந்தப் பழுப்பு ஷூவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. க்ளீட் மாட்டாமல் கம்பெனி பஸ் பிடிக்கப் போட்டுக்கொண்டு போகிறாள். ஷிப்ட் ஒத்துவருகிற நாளில் அவனும் தெருமுனை வரைக்கும் கூட வருவான். சாலை ஓரம் சேறாகக் கிடந்தாலும் அவள் கால் வழுக்குவதில்லை. அவள் வேகமாகவே நடக்கிறாள், அவன்தான் பின்தங்கிவிடுகிறான்.