கோல்கொண்டாவிலிருந்து வந்த கைத்தட்டல்

கோல்கொண்டாக் கோட்டை வாசலில் ஜெயச்சந்திரன் தட்டிய கைத்தட்டல், நகரத்தின் மறுகோடியில் தார்நாகாவில் உள்ள ஒரு கருத்தரங்கக் கூடத்தில் கேட்டது. அன்று வியாழக்கிழமை, வெயில் அதிகம், பஸ்ஸில் கூட்டம் சுமார். வாசலில் தட்டினால் மலை உச்சியில் கேட்கும் என்பது அங்கே கைடுகள் எல்லாரும் செய்து காட்டுகிற வித்தைதான். அன்றைக்கு உச்சிக்குப் போகாமல் தார்நாகாவுக்குப் போய்விட்டது, அவ்வளவே.

ஜெயச்சந்திரன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பனை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. அவருடைய டைரக்டர் அருணாசலம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வேரில் இருக்கும் தண்ணீர் பனையின் உச்சிக் குருத்துக்கு எப்படி ஏறுகிறது என்பதை முப்பது வருஷமாக ஆராய்ந்த மனிதர். பாவம், இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பேசி முடித்ததும் எல்லாரும் நேரே டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஹைதராபாத் கருத்தரங்கில் பேசப்போவதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. ரயிலில் வரும்போதே ஜெயச்சந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "வே, முத வரிசைல இரியும். முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேளும். சின்னக் கேள்வி போதும்." ஜெயச்சந்திரன் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "என்ன சார் இப்படிச் சொல்லுதிய! நான் கேக்காம வேற யாரு கேப்பா?" என்றார்.

சொன்னவர் சொன்னபடி உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கருத்தரங்குக்குப் போகிறவர்கள் கருத்தரங்கில் இருப்பது எந்தக் காலத்திலும் வழக்கமில்லை. கையெழுத்துப் போட வேண்டியது, பையை வாங்க வேண்டியது, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல நாற்காலியில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு ஊர் பார்க்கக் கிளம்ப வேண்டியது. முதல் நாள் சார்மினார், மறுநாள் சாலார்ஜங் மியூசியம். மணி அடிக்கக் கடிகாரத்துக்குள்ளிருந்து ஒரு பொம்மை மனிதன் வருவதைப் பார்க்க அங்கே முண்டியடித்து இடம் பிடித்த ஜெயச்சந்திரன், மூன்றாம் நாள் மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த சாம்ராஜ், மாரெட்பள்ளியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, விடவில்லை. "நக்கோ சார், அப்படிச் சொல்லாதீங்க, லெக்சர் மூணு மணிக்குத்தானே? அதுக்குள்ள கோல்கொண்டா முடிச்சுக் கொண்டாந்து விட்டுர்றேன். டென்ஷன் கைக்கு, எதுக்கு டென்ஷன்?" ஜெயச்சந்திரனும் முதல் வரிசை நடு நாற்காலியில் தன் நீலக்கட்டம் போட்ட கர்ச்சீப்பை விரித்துவிட்டு வேனில் ஏறினார். மெஹ்திப்பட்டணத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்தது. கோட்டை வாசலில் இறங்கும்போது மணி மூன்று தாண்டிவிட்டது.

தார்நாகாவில் அருணாசலம் மேடை ஏறிப் பார்த்தார். கூடம் முழுக்கக் கர்ச்சீப்புகள். கர்ச்சீப் போட்ட சீட்டு ஆள் இருக்கிற சீட்டு. நம் பக்கத்தில் கண்டக்டர்கூட அதை மறுக்க முடியாது. அதனால் அவர் அவையோரை வணங்கி, ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். திருமுல்கேரியிலிருந்து வந்த மைக் ஆபரேட்டர் ஏனோக் மட்டும்தான் சாட்சி. "ஏதாவது கேள்வி உண்டா?" என்று அருணாசலம் கேட்டபோது ஏசி இரைந்தது. தனக்கே பதில் தெரிந்தவர்போலக் காகிதங்களை மடிக்க ஆரம்பித்தார்.

அதே நேரம் கோட்டை வாசலில் கைடு, அந்தக் காலத்தில் மலை உச்சி வரை தண்ணீர் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயச்சந்திரன் அழாத குறையாக நின்றிருந்தாலும் பனைக்காரர் புத்தி எங்கே போகும்? "யப்பா, இவ்வளவு உசரத்துக்குத் தண்ணி எப்படி ஏறுச்சு?" என்று கேட்டுவிட்டார். கேள்வி தார்நாகாக் கூடத்தின் கூரையிலிருந்து கணீரென்று இறங்கியது. அருணாசலம் நிமிர்ந்தார். மடித்ததைப் பிரித்தார். முகமெல்லாம் மலர, டீ ஆறிப்போகும்வரை பதில் சொன்னார். அவர் முடித்த நேரமும் கைடு எல்லாரையும் தட்டச் சொன்ன நேரமும் ஒன்றாக அமைந்தது. ஜெயச்சந்திரனில் தொடங்கி வேனில் போன அத்தனை பேரும் தட்ட, கைத்தட்டல் கூரை அதிர வந்து விழுந்தது. கூடவே கொஞ்சம் வௌவால் நாற்றமும் வந்ததாக ஏனோக் சொல்கிறார்.

இருட்டுகிற நேரத்துக்கு வெளிறிய முகத்தோடு திரும்பிய ஜெயச்சந்திரனை அருணாசலம் கட்டிக்கொண்டார். "கேட்டீரே வே ஒரு கேள்வி!" ஏனோக் நடந்ததைத் தனியே சொன்னபோது ஜெயச்சந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அருணாசலம் ஓய்வு பெற்று, ஹைதராபாத்தில் ஐடியில் இருக்கும் மகள் ஹம்ஸினி வீட்டோடு வந்துவிட்டார். ஜெயச்சந்திரன் அவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. வருஷங்கள் ஓடின. தலை நரைத்தது.

போன வருஷம் அதே கூடத்தில் ஜெயச்சந்திரனுக்குக் கடைசிப் பேச்சு வந்தது. சாம்ராஜ் எல்லாரையும் மியூசியத்துக்கு அழைத்துப் போய்விட்டார். ஜெயச்சந்திரன் மேடை ஏறிக் கர்ச்சீப்புகளைப் பார்த்தார். நமக்கு இதுதான் வேண்டும் என்று பாதிப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, அவசரமாக வாசித்து, நன்றி என்றார்.

கூரையிலிருந்து ஒரே ஒரு ஜோடிக் கை மெதுவாகத் தட்டியது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். "வே, பாதிய முழுங்கிட்டீரே!"

"சாரா? எங்க இருக்கிய?"

"கோட்டை வாசல்ல, அன்னைக்கு நீரு நின்னு கேட்ட எடத்துலதான் நிக்கேன். ஏனோக் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. முட்டுவலியோட ஆட்டோ புடிச்சு வந்திருக்கேன். மொதல்ல இருந்து வாசியும்."

ஜெயச்சந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தை எடுத்தார். "கேக்குதா சார்?" என்றார். கொஞ்சம் இரைச்சலாக இருக்கிறது என்று பதில் வந்தது. ஏனோக் கூரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வால்யூமைக் கூட்டி வைத்தார்.