சட்டசபைக்கு மறுவிருந்து

ஈப்போவில் கருப்பம்மாளுக்குப் பயப்படாதது ஒன்றே ஒன்றுதான், கிந்தா ஆறு. மற்றபடி, தெருக்கூட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோரிலிருந்து சந்தையில் மீன் விற்கும் சீனன் வரைக்கும், அவள் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவதைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள்.

ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் வெட்டப்பட்டு வேலை போய், புருஷன் சன்னாசியோடும் மகள் நவமணியோடும் மருமகனோடும் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அரசாங்கத்துக்கு ரோடு கூட்டுகிற வேலை கிடைத்தது. வேலையோடு வீடும் கிடைத்தது. ஆற்றங்கரைப் பள்ளத்தில், தகரக் கூரை போட்டு வரிசையாகக் கட்டிய லயம். கூலிக்காரர்களுக்கு இந்த இடம்தான் தோது என்று நகரத்துப் படத்தில் விரல் வைத்த புத்திமான் யாரோ, அவன் நிச்சயமாக வெயில் காலத்தில்தான் வந்து பார்த்திருப்பான். மழைக்காலத்தில் வந்திருந்தால் விரல் வைக்க அங்கே தரையே இருந்திருக்காது.

போன வருஷத்து அடைமழையில் ஆறு லயத்துக்குள் வந்தது. கேட்டுக்கொண்டு வரவில்லை, கேட்டுக்கொண்டு போகவுமில்லை. நவமணிக்கு அப்போது தலைச்சன் பிள்ளை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. ஈரத்திலேயே கிடந்து நெஞ்சில் சளி கட்டி அது செத்துப்போயிற்று. இந்த வருஷம் நவமணி மறுபடி முழுகாமல் இருந்தாள். பேறுகாலம் சரியாக அடைமழையில் வந்து விழுந்தது. அதற்குள் லயத்தை மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கருப்பம்மாளுக்கு அந்த வருஷம் முழுக்க வேறு நினைப்பே இல்லை.

மண்டோரைக் கேட்டாள். இஞ்சினியர் துரை கையில் இருக்கிறது என்றான். இஞ்சினியர் துரையின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். சட்டசபை கையில் இருக்கிறது என்று பியூன் சொன்னான். சட்டசபை எங்கே இருக்கிறது என்று பியூனுக்கும் தெரியவில்லை. ஆனால் அதில் உட்காருகிற வக்கீல் துரை ஒருவர் ஈப்போவிலேயே இருந்தார். அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதற்கென்று அரசாங்கமே நியமித்து வைத்த அங்கத்தினர் அவர். அவரைத் தேர்ந்தெடுத்த ஜனங்கள் என்று ஊரில் ஒருவரும் கிடையாது. அதனால் அவருக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கஷ்டமும் இல்லை.

ஒரு நாள் காலை, துரைமார் கிளப்புக்கு முன்னால் ரோடு கூட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாள், அவருடைய கார் வருவதைப் பார்த்து நடுரோட்டில் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். கார் நின்றது. அவள் பேசியது துரைக்குப் புரியவில்லை. டிரைவர் பாதியைச் சொன்னான். அந்தப் பாதியே துரைக்குப் பிடித்துவிட்டது. அரசாங்கத்தை மடக்க ஒரு நல்ல கேள்வி கிடைத்ததே என்று அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று கேட்டார்.

சபை கூடிப் பேசி, மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டது. வக்கீல் துரை, இஞ்சினியர் துரை, ஈயச் சுரங்க முதலாளியான ஒரு சீனத் தவுக்கே. குழுவின் வேலை லயங்களைப் பார்ப்பது. அதோடு, போவதுதான் போகிறீர்கள் என்று, இன்னொன்றையும் அவர்கள் தலையில் கட்டினார்கள். நகரத்தை நிர்வகிக்கும் போர்டுக்கு ஜனங்களே ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பலாமா, அதற்கு இந்த ஜனங்களுக்குப் பக்குவம் வந்துவிட்டதா என்றும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சேதி தெரிந்ததும் நாகூர் மீரான் தேத்தண்ணிக் கடையில் லயத்து ஜனமே கூடிவிட்டது. கருப்பம்மாள் எல்லாரையும் மிரட்டி வைத்தாள். யாரும் பல்லைக் காட்டக் கூடாது, தலையைச் சொறியக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். எல்லா வீட்டுச் சுவரிலும் நெஞ்சளவு உயரத்தில் வெள்ளம் நின்றுபோன பழுப்புக் கறை இருந்தது. "அந்தக் கறைய காட்டுனா போதும்லா, நாம வாயத் தொறக்கவே வேணாம்" என்றாள்.

குழு வருவதற்கு முந்தின நாள் வரைக்கும் அவள் சொன்னபடியே எல்லாம் இருந்தது. அன்று மத்தியானம் வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் நின்று, வரப்போகிறவர்களின் கண்ணால் தன் வீட்டை ஒருதரம் பார்த்தாள். அங்கேதான் கெட்டது குடி.

மூன்று பெரிய மனுஷர்கள் படியேறி வரப்போகிறார்கள். உட்கார ஒரு பலகை இல்லை. குடிக்கக் கொடுக்க நசுங்காத தம்ளர் இல்லை. சுவரிலோ, சீ, அந்தக் கறை. நாளும் கிழமையும் வந்தால் வெள்ளையடிக்காமல் இருந்தவளா அவள்? சன்னாசியைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பு வாங்கிவர விரட்டினாள். ஈப்போவைச் சுற்றி மலையெல்லாம் சுண்ணாம்புதான், அதற்கா பஞ்சம். "அந்தக் கறையக் காட்டணும்னு நீதானே சொன்ன" என்று அவன் இழுத்தான்.

"சொன்னேன். அதுக்காக விருந்தாளிய அழுக்குச் சொவத்துக்குக் கீழ உக்கார வைக்கச் சொல்றியா? கறை எங்க போயிரும்? வாயால சொல்லிக்கலாம், போ."

அவள் வீட்டில் வெள்ளையடிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செல்லாயிக்கு மனசு கேட்கவில்லை. செல்லாயியைப் பார்த்து அடுத்த வீடு. பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நாகூர் மீரான் தன் கடையிலிருந்த நாற்காலிகளையும் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளையும் கொடுத்தார். செல்லாயி தன் சீதனப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். யாரோ பட்டுக்கரை போட்ட பாயைக் கொடுத்தார்கள். முறுக்கு சுட்டார்கள். லயத்தில் இருந்த நல்ல பொருள் அத்தனையும் ஒரே வீட்டில் வந்து குவிந்தது. எந்த வீட்டுக்காகச் சட்டசபையே கிளம்பி வந்ததோ அந்த வீடு அங்கே இல்லாமல் போயிற்று.

மறுநாள் குழு வந்தது. கூடவே பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷ் வேலைக்கு, ஆபீஸ் குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசு, கோட்டும் தொப்பியுமாக. துரைமார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காபி குடித்தார்கள். தவுக்கே இரண்டாவது முறுக்கையும் எடுத்துக்கொண்டார். இஞ்சினியர் துரை வெள்ளைவெளேரென்ற சுவரை விரலால் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வக்கீல் துரை குனிந்து, மரியாதையாகத்தான், ஏதோ கேட்டார்.

"குறை ஏதும் இருக்கோ எண்டு துரை கேக்கிறார்" என்றார் கார்த்திகேசு.

கருப்பம்மாள் இந்தக் கேள்விக்காக ஒரு வருஷம் காத்திருந்தவள். ஆனால் காபிக் கோப்பை இன்னும் கையில் இருக்கிற விருந்தாளி கேட்கும்போது, எடுத்த எடுப்பில் மூக்கைச் சிந்துவது எந்த ஊர் வழக்கம்? இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வோம். இரண்டாந்தரம் கேட்டால்தானே இலையை நகர்த்துவோம்.

"ஒங்க புண்ணியத்துல எங்களுக்கு என்ன கொறை தொர" என்று சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டாந்தரம் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

கார்த்திகேசு "நோ கம்ப்ளெயின்ட்" என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். துரை எழுதிக்கொண்டார். மூன்று பேரும் எழுந்து, கைகூப்பி, காரில் ஏறிப் போய்விட்டார்கள். இரண்டாந்தரம் யாரும் கேட்கவில்லை.

கார்த்திகேசுவை அடுத்த நாள் வழியில் மறித்துக்கொண்டாள். நீயும் தமிழன்தானே, முதல்தரம் சொல்வது மரியாதைக்கு என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அவர் கேட்டதை நான் சொன்னனான். நீ சொன்னதையும் அப்பிடியே சொன்னனான். கூட்டிக் குறைச்சுச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை."

சட்டசபையில் நடந்ததை நாகூர் மீரான் பத்திரிகை பார்த்து வாசித்துச் சொன்னார். லயத்து வீடுகள் கண்ணைப் பறிக்கும் சுத்தத்தோடு இருக்கின்றனவாம். சுவரில் வெள்ளத்தின் அடையாளம் மருந்துக்கும் இல்லையாம். கூலிகள் நாற்காலி, பித்தளை, பீங்கான் என்று செழிப்பாக வாழ்கிறார்களாம். இவ்வளவு நல்ல வீடுகளைக் கட்டிய அரசாங்கத்தை வக்கீல் துரையே பாராட்டிப் பேசினாராம். முறுக்கைப் பற்றித் தவுக்கே தனியாக இரண்டு வார்த்தை சொன்னாராம். ஓட்டு விஷயமும் அதோடு முடிந்தது. ஒரு குறையும் இல்லாத ஜனங்களுக்கு ஓட்டு எதற்கு என்று சபை கேட்டது. அதை எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த நவமணி நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கருப்பம்மாளுக்குத் தன் கையாலேயே பேரப்பிள்ளையை இரண்டாந்தரம் புதைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடைமழை வந்தது. ஒரு மத்தியானம் ஆறு கரையைத் தாண்டி, பழைய விருந்தாளி மாதிரி, நேரே வீட்டுக்குள் வந்தது. புதுச் சுண்ணாம்பு கரைந்து பழைய கறை எட்டிப் பார்த்தது. நவமணிக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. எங்கே போவது என்று லயமே கூச்சல் போட்டது. நாகூர் மீரான் கடையிலும் முழங்கால் தண்ணீர்.

"வக்கீல் தொர வீட்டுக்குப் போலாம்" என்றாள் கருப்பம்மாள்.

சன்னாசி அவளை மறித்தான். "அங்க எப்படிலா போறது? யாரு கூப்பிட்டா?"

"நம்ம வீட்டுல கை நனைச்சுட்டுப் போனவருதானே? மறுவிருந்துக்குக் கூப்பிடணும்னு தெரியல அவருக்கு. நாமளாத்தான் போவணும்."

பாய், படுக்கை, பானை, கோழி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு லயம் முழுவதும் மேட்டு பங்களாவுக்கு நடந்தது. நவமணியை ஒரு நாற்காலியில் வைத்து அவள் புருஷனும் சன்னாசியும் தூக்கிப் போனார்கள். நாகூர் மீரானின் அதே நாற்காலி. சொட்டச் சொட்ட நனைந்த அத்தனை பேரும் துரையின் வராந்தாவில் ஏறி வரிசையாக உட்கார்ந்தார்கள். துரைசானி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். துரை வந்தார். டெலிபோன் போட்டுக் கார்த்திகேசுவை வரவழைத்தார். அவர் வருகிறவரைக்கும் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும் எண்டு துரை கேக்கிறார்."

பழக்கம் என்பது லேசில் போகிறதா? "ஒண்ணும் வேணாம் தொர, சும்மாதான் வந்தோம்" என்று கருப்பம்மாளின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சன்னாசி தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஆனால் அது சேற்றுக்காலோடு லயத்து ஜனம் உட்கார்ந்திருக்கும் துரையின் சொந்த வராந்தா. செல்லாயியின் கோழி வேறு கூடத்துக்குள் நுழைந்து, துரைசானியின் பியானோ மேல் ஏறி நின்றது. உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. துரையின் முகம் சிவந்தது. அவசரமாக மறுபடி கேட்டார்.

"உண்மையாய் என்ன குறை எண்டு கேக்கிறார். முழுக்கச் சொல்லட்டாம்."

"இப்பத்தான் தொர ரெண்டாந்தரம் கேட்டீங்க" என்றாள் கருப்பம்மாள். பிறகு ஆரம்பித்தாள். பள்ளத்தைச் சொன்னாள், கறையைச் சொன்னாள், அதைத் தானே வெள்ளையடித்து மறைத்த மடத்தனத்தைச் சொன்னாள். ஈரப் பாயில் கிடந்து மூச்சுவிட முடியாமல் செத்த பிள்ளையைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. நிறுத்தாமல் அழுதுகொண்டே சொன்னாள். கார்த்திகேசு ஒன்றையும் விடாமல் சொன்னார். நவமணி வலியில் கத்தினாள்.

துரை காரை வெளியே எடுக்கச் சொன்னார். கார் மழையில் நின்றது. காய்ந்த தரை உள்ள கார்க் கொட்டகையில் நவமணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெற்றவளை உடனே எழுப்பக் கூடாது என்று கருப்பம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தண்ணீர் வடிந்த பிறகும் கார் வெகுநாள் வெளியிலேயே நின்றது. பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது.

அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் காரியம் மின்னலாக நடந்தது. லயத்தை மேட்டில் கட்ட வேண்டும், அங்கத்தினர்களின் பங்களாக்களுக்கு எட்டாத மேடாகப் பார்த்துக் கட்ட வேண்டும் என்று தீர்மானம். ஓட்டு விஷயத்தையும் மறுபடி எடுத்துப் பேசினார்கள். இவ்வளவு குறை சொல்கிற ஜனங்களிடம் ஓட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவர் பயந்தார். வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள்.

புது லயத்துக்குக் குடிபோனதும் அதே குழு பார்வையிட வந்தது. இந்தத் தடவை கருப்பம்மாள் நாற்காலி வாங்கவில்லை, முறுக்கும் சுடவில்லை. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தவுக்கே உள்ளே எட்டிப் பார்த்து ஏமாந்து போனார்.

"குறை ஏதும் இருக்கோ எண்டு துரை கேக்கிறார்."

"இருக்கு" என்றாள் முதல்தரத்திலேயே. "எங்களுக்காகப் பேசுறேன்னு சட்டசபையில போயி உக்காந்திருக்காரே, இந்த வக்கீல் தொரய நாங்க எப்ப அனுப்பினோம்னு கேளுங்க. அடுத்த தடவ யார அனுப்புறதுன்னு எங்களக் கேப்பாங்களான்னும் கேளுங்க."

கூட்டிக் குறைத்துச் சொல்லாத கார்த்திகேசு, தொப்பியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். துரையின் பக்கம் திரும்பி, "நோ கம்ப்ளெயின்ட்" என்றார்.

அந்த இரண்டு வார்த்தை கருப்பம்மாளுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தை. பேரனை நவமணியின் கையில் கொடுத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, துரையின் காருக்கு முன்னால் போய் நின்றாள்.