கொழுந்துக்கு ஒரு துக்கம்

எங்கள் ஊர் இருண்ட நகரமாக அறிவிக்கப்பட்டபோது, மணிக்கூண்டின் விளிம்பில் அமரும் சாகச வீரர் பணி மனோன்மணியின் மகனுக்குக் கிடைத்தது. படக்கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் வருகின்ற அத்தகைய நகரம் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். எங்கள் மாவட்டத்தின் மற்ற ஊர்களில் வெயில் அதிகம். எங்கள் ஊரிலும் அதிகம்தான். ஆயினும் எங்களிடம் நெல் அவிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் ஆவியைத் தெருக்களுக்குள் திருப்பிவிட்டால் மூடுபனி ஆகும் என்று முடிவு செய்தார்கள்.

மாற்றங்கள் ஒழுங்காக நடந்தன. பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் சன்னல்கள் கூரிய வளைவுகளாக உயர்த்தப்பட்டன. கூரையோரங்களில் வாய் பிளந்த கல் விலங்குகள் வந்து அமர்ந்தன. மழைநீர் அவற்றின் வாய்வழியே வடியும். ஷேர் ஆட்டோக்கள் போய்க் கறுப்புக் குதிரை வண்டிகள் வந்தன. ஓட்டுநர்கள் பழைய ஆட்கள்தாம். முழங்கால்வரை தொங்கும் மேலங்கியும் உயரத் தொப்பியும் அணிந்து, "மார்க்கெட், மார்க்கெட், ரெண்டு பேரு ஏறுங்க" என்று முன்போலவே கூவினார்கள். நாள் முழுவதும் அந்தி மங்கலாகவே இருந்ததால் தெருவிளக்குகளை அணைக்கவில்லை. வற்றல் காயவில்லை என்று மட்டும் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நான் அந்தப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். கல் விலங்குகளுள் ஒன்று என் பழைய வகுப்பறைக்கு நேர் மேலே அமர்ந்திருந்தது. அதன் முதுகு கூனியிருந்தது. நிமிர்ந்து உட்காரும்படி சொன்னேன். மறுநாள் நிமிர்ந்திருந்தது.

மனோன்மணி எங்கள் பள்ளியின் தையல் ஆசிரியை. எனக்குப் பின் ஓய்வு பெற்றாள். என் வீட்டுக்கு அடுத்த வீடு. கணவர், மகன் வயிற்றில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். மகன் பெயர் திருமலைக்கொழுந்து. ஊரில் எல்லாருக்கும் கொழுந்து. அவனுக்குரிய கறுப்பு அங்கியை அவளே தைத்தாள். காற்றில் விரிந்து நிற்பதற்காக ஓரத்தில் பட்டுப்பாவாடைக்கு வைப்பது போன்ற உள்மடிப்பு வைத்திருந்தாள். தையல் மிக நேர்த்தியாக இருந்தது.

கொழுந்து நல்ல பிள்ளை. அதுவே இடையூறாயிற்று. வீரன் என்பவன் மணிக்கூண்டின் விளிம்பில் ஒரு முழங்காலை மடக்கி அமர்ந்து, நகரத்தைத் துயரத்துடன் நோக்க வேண்டும். அவன் நோக்கினான், ஆனால் தெரிந்தவர்கள் போனால் கையசைத்தான். "பெரியம்மா, குடை எடுக்கலையா?" என்று மேலிருந்து என்னைக் கேட்டான். பசி எடுத்தால் சீட்டியடித்தான். இதனால் அவனைச் சுற்றிப் பனி தங்கவில்லை. விலகிச் சென்றது. விலகிய இடத்தின் வழியே வெயில் இறங்கி, தபால் நிலையத்தின் முன் ஒரு பாய் அளவுக்கு விழுந்தது. பெண்கள் வற்றல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகத் தொடங்கினார்கள்.

சூழல் கண்காணிப்பாளர் ஒருவர் வந்தார். பெயர் தவசிலிங்கம். மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் ஒழுங்காகச் சோடி சேர்த்துவிட்டு உள்ளே வந்தார். மனோன்மணி அவருக்குக் காபி கொடுத்தாள். நானும் உடன் இருந்தேன்.

"தம்பிகிட்ட துக்கமே இல்லம்மா," என்றார் அவர். "பொறகு பனி எப்படி நிக்கும்?"

"தகப்பன் இல்லாத பிள்ளைதான சார் அவன்?"

"தகப்பனாரை அவர் பார்த்திருக்காரா?"

"இல்ல."

"பார்க்காதவங்களை இழக்க முடியாதும்மா. விதியில இடமில்ல. தாயார்தான் போகணும். எல்லா ஊர்லயும் அப்படித்தான் செய்றோம்."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"பனி இருக்கவரைக்கும் அவர் எங்கேருந்து குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது டீச்சர். வெயில் வந்துட்டா தரை நிஜமாயிரும். இப்ப தபாலாபீஸ் முன்னால அவ்வளவு இடம் நிஜமாத்தான் கிடக்கு. அது நாளுக்கு நாள் அகலுது. தம்பி ஒருநாள் அதுல குதிச்சாருன்னா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விடப்படும் வாக்கியங்கள் எனக்குப் பிடிக்காது. அன்று முடிக்கும்படி நான் சொல்லவில்லை.

மனோன்மணி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். "என்னைக்குப் போகணும் சார்?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை தோதுப்படுமா?"

"வெள்ளிக்கிழமை வேண்டாம். விளக்கு ஏத்துற நாளு."

"சனிக்கிழமை போனா துணைக்கு ஆள் தேடும்பாங்க," என்ற கண்காணிப்பாளர் என்னை ஒருமுறை பார்த்தார். "பக்கத்து வீட்ல டீச்சர் வேற இருக்காங்க. ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்குவோம். வண்டி நாங்களே கொண்டு வந்திருதோம்."

அவர் போன பிறகு மனோன்மணி வேலைகளைத் தொடங்கினாள். தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைகளுக்குக் கொக்கி வைத்தாள். ஊறுகாய்ச் சாடிகளை யார் யாருக்கு என்று பிரித்தாள். "சொதிக்குத் தேங்காப்பால் மூணு தடவை எடுக்கணும்க்கா. முதப்பாலைக் கடைசியில ஊத்துங்க. முன்னாடியே ஊத்திட்டா அவன் தட்டை நகட்டி வச்சிருவான்," என்று என்னிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அன்று செய்தித்தாளின் பிழைகளைத் திருத்தாமலேயே மடித்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை முற்பகலில் அவள் ஒரு முறத்துடன் என் வீட்டுக்கு வந்தாள். விளிம்பில் பனைநார் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது.

"இதை நீங்க வச்சுக்கோங்கக்கா. உங்க முறம் ஓட்டையாயிட்டுன்னு சொன்னீங்கள்லா?"

வாங்கிக்கொண்டேன். அதை நான் முன்பும் ஒருமுறை இதே போல இரு கைகளாலும் ஏந்தியிருக்கிறேன் என்பது கையில் வந்தவுடன் தெரிந்தது. கொழுந்துக்கு முன் அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஆகவே இவன் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி இவனை விற்றுவிட்டோம். தாய்க்கு உரிமையில்லாத பிள்ளையை எதுவும் தேடி வராது. எங்கள் பள்ளியில் மணி அடித்துக்கொண்டிருந்த சிவனணைந்தாள் பிள்ளையில்லாதவள். அவள் ஒரு படி தவிடு கொண்டுவந்து கொட்டிவிட்டு, குழந்தையைப் பின்வாசல் வழியாக வாங்கிக்கொண்டு போனாள். தவிட்டுக்கு முறத்தை நீட்டியது நான். வளர்ப்பதற்காக அவள் அன்றைக்கே அவனை மனோன்மணியிடம் விட்டுவைத்தாள்.

"மனோன்மணி, திரும்ப வாங்கினாயா?" என்று கேட்டேன்.

"எதைக்கா?"

"பிள்ளையை."

அவள் யோசித்தாள். "மொட்டை போடும்போது வாங்கிரணும்னுதான் இருந்தேன். அப்ப அவ தங்கச்சி ஊருக்குப் போயிருந்தா. பொறகு பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது பார்த்துக்கிடலாம்னு விட்டது. அவளும் கேக்கல. ரெண்டு வீட்லயும்தான சாப்பிட்டுக்கிட்டு அலைஞ்சான்."

"அவள் இறந்தபோது இவன் எங்கே இருந்தான்?"

"பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதிக்கிட்டிருந்தான். வந்ததும் சொன்னேன். சரின்னான். சோறு சாப்பிட்டான்."

"அழுதானா?"

"மறுநாள் கணக்குப் பரீட்சைக்கா."

"அப்படியானால் அவனுடைய தாய் முன்பே இறந்துவிட்டாள். நீ இறக்க வேண்டியதில்லை," என்றேன்.

மனோன்மணி முறத்தை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நார்க்கட்டை நகத்தால் நெருடினாள்.

"அப்ப நான் அவனுக்கு யாருக்கா?"

"விற்றவள்."

உள்ளதை வேறு சொல்லால் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வெளியே ஒரு குதிரை வண்டி மார்க்கெட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.

"ஆனா உயிரோட இருக்கலாம்லா?" என்றாள்.

"இருக்கலாம்."

"அவனை தினம் பார்க்கலாம்லா?"

"மணிக்கூண்டு தெருவிலிருந்தே தெரிகிறது."

"அப்ப சரிக்கா." முறத்தைத் திருப்பிக் கொடுக்காமல் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். உள்ளே போய்ச் செய்தித்தாளை எடுத்து, முதல் பக்கத்தில் இருந்து திருத்தத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தவசிலிங்கம் கறுப்பு வண்டியுடன் வந்தார். நான் விவரம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேள்விகள் கேட்டார்.

"தவிட்டைக் கையில வாங்குனது யாரு?"

"நான். முறத்தில் வாங்கினேன்."

"என்ன செஞ்சீங்க?"

"மாட்டுக்கு வைத்தோம்."

"மாடு தின்னுச்சா, மிச்சம் வச்சுச்சா?"

"முழுவதும் தின்றது. முறத்தையும் நக்கியது."

"அப்ப கிரயம் முடிஞ்சாச்சு. திருப்பித் தரவும் வழியில்ல," என்றார். அவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை அவருக்கும் பிடிக்கவில்லை போலும். "ஆனா தம்பி துக்கப்படணும் டீச்சர். பட்டாத்தான் செல்லும். யாராவது மேல போய்ச் சொல்லணும். இவங்க போகக் கூடாது, இப்ப இவங்க வெளியாள்."

நான் மணிக்கூண்டில் ஏறினேன். படிகள் குறுகலானவை. மேலே கடைசித் திருப்பத்தில் கல் விலங்கு ஒன்று கை கொடுத்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே சென்றேன். கொழுந்து அங்கியைச் சுருட்டி மடியில் வைத்தபடி, கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தான். கீழே வெயில் தபால் நிலையத்தைக் கடந்து, மளிகைக் கடைவரை வந்திருந்தது.

"அம்மா போயிட்டாங்களா பெரியம்மா?" அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் அம்மா போய் நெடுங்காலம் ஆகிறது, கொழுந்து. உன் அம்மா சிவனணைந்தாள். உன்னைத் தவிட்டுக்கு வாங்கியவள். நான்தான் சாட்சி."

"பெல் அம்மையா?"

"ஆம்."

அவன் மணிக்கூண்டின் மணியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

"கடைசி பெல் அடிக்கும்போது என்னையும் கயித்தைப் பிடிக்கச் சொல்லுவா," என்றான். "அவ கையில தேங்கா எண்ணெ வாசம் அடிக்கும். அன்னைக்குப் போய்ப் பார்க்கணும்னுதான் நெனச்சேன் பெரியம்மா. மறுநாள் கணக்கு இருந்துச்சு."

"தெரியும். கணக்கை எழுதி முடித்துவிட்டாய் அல்லவா?"

"எழுதிட்டேன்."

"அப்படியானால் இனி அழலாம்."

அவன் சற்று நேரம் அனுமதி சரிதானா என்று பார்ப்பவன்போல என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் எழுந்து அங்கியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு முழங்காலை மடக்கி அமர்ந்தான். நகரத்தை நோக்கி அழுதான். சத்தமில்லாத, முறையான அழுகை. ஆலைப் பக்கத்திலிருந்து பனி எழுந்து வந்தது. முதலில் அவன் பாதத்தைச் சுற்றியது. பிறகு தோள்வரை ஏறி நின்றது. அங்கி விரிந்தது. கீழே மளிகைக் கடையின் முன் வெயில் சுருங்கியது. தபால் நிலையத்தின் முன்னும் அணைந்தது. பெண்கள் பேசிக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவன் அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த பள்ளிக் கூரைக்குத் தாவினான். ஒன்றும் ஆகவில்லை.

நான் இறங்கி வந்தபோது தவசிலிங்கம் பனியை இரு விரல்களால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கெட்டிப் பனி," என்றார். மனோன்மணி வண்டிக் குதிரைக்கு வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவில்லை. ஆனால் அவன் தாவிய அந்த நேரத்தில் அவள் கை வெல்லத்துடன் நின்றுவிட்டது என்று பின்னர் வண்டிக்காரர் சொன்னார்.

"வந்த வண்டி வெறுமே போகுது. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல," என்றார் தவசிலிங்கம். "இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. துக்கம் உள்ள வீரருக்குப் பரம எதிரி கட்டாயம். அவரோட பலவீனம் எல்லாம் தெரிஞ்ச ஆளா இருக்கணும். சொந்தமா இருக்கக் கூடாது. அதுதான் எந்த ஊர்லயும் கிடைக்க மாட்டேங்குது. தெரிஞ்சவங்க எல்லாம் சொந்தமா இருக்காங்க."

மனோன்மணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இடது காலுதான் அவனுக்குப் பலம் சார். வலது முட்டியில சைக்கிள்லேருந்து விழுந்த அடி இருக்கு," என்றாள். "பல்லி விழுந்தா அப்படியே நின்னுருவான். நேரா கீழ குனிஞ்சு பார்த்தா தலை சுத்தும். அதான் தூரமாப் பாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல சார். வித்தாச்சு."

தவசிலிங்கம் என்னைப் பார்த்தார். நான் உறுதி செய்தேன்.

அவளுக்கான உடையை அவளே தைத்துக்கொண்டாள். கத்தரிப்பூ நிறத்தில் நீண்ட மேலங்கி. உள்ளே மஞ்சள் துணி. கழுத்துப்பட்டை நிமிர்ந்து நிற்பதற்குக் கஞ்சி போட்டாள். திங்கட்கிழமை காலை ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் ஏறி நின்று, இந்த நகரத்தை அழித்துவிடப்போவதாக அறிவித்தாள். குரல் நான்கு வீதிகளுக்கும் கேட்டது. உச்சரிப்பும் தெளிவாக இருந்தது. மணிக்கூண்டில் கொழுந்து எழுந்து நின்றான். அவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வேலையின் கவனம் தெரிந்தது.

முதல் தாக்குதலாக அவள் எங்கள் தெருவில் அவனுடைய பலமான காலுக்கு வாகான இடப்பக்கத்தைத் தேர்ந்துகொண்டாள். நாங்கள் வேடிக்கை பார்க்க நாற்காலிகளை வலப்பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டோம்.