சீல் அக்கா படித்துக் காட்டியது

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சீல் அக்கா என்பார்கள். வேலை சுத்தமாகச் செய்கிறவள். கம்ப்யூட்டரில் பிசிறில்லாமல் டைப் அடிப்பாள். அடித்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கி, எல்லோரும் பார்க்கிற ஆன்லைன் ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவளுக்கு மனசு கேட்காது. பிரிண்ட் எடுப்பாள், கையெழுத்துப் போடுவாள், பக்கத்தின் நட்டநடுவில் ஊதா மையில் ஓங்கி ஒரு சீல் குத்துவாள். பிறகு அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து ஃபோல்டரில் ஏற்றுவாள். சீல் இல்லாததை எவன் மதிப்பான் என்பது அவள் கட்சி.

பார்வையுள்ளவர்களுக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை. எதிர் மேசைக்கு வந்த புதியவனுக்குத்தான் இருந்தது.

அவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. லிஃப்ட் நின்றுபோனதென்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை அவனுக்கு. திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவன் காதுக்குள் கடகடவென்று படித்துக்கொண்டே போகும். சீல் அக்காவின் பிடிஎஃபைத் திறந்தால் மட்டும் அது வாயை மூடிக்கொள்ளும். அதில் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் போட்டோ. போட்டோவிலிருந்து எழுத்தைப் பொறுக்கியெடுக்க இன்னொரு மென்பொருளும் வைத்திருந்தான். அது சீல் விழுந்த இடத்துக்கு வந்ததும் உளறும்.

"மேடம், உங்க ஃபைல் எல்லாம் காலியா இருக்கு," என்றான் வந்த முதல் வாரமே.

அவளுக்குச் சுருக்கென்றது. "காலியா? என் கையால டைப் பண்ணி, சீல் குத்தி ஏத்தியிருக்கேன். ஆபீஸே பாக்குது. உங்களுக்கு மட்டும் காலியா?"

"உங்களுக்கு அது பக்கம். எனக்கு அது வெறும் படம். பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி இருக்கறதையே பிடிஎஃப் ஆக்கிப் போடுங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்."

"வந்து நாலு நாள் ஆகலை. எனக்கு வேலை கத்துக்குடுக்க வந்துட்டாரு!"

"கத்துக்கறவங்களுக்குத்தானே மேடம் கத்துக்குடுக்க முடியும்?"

அவன் வாயும் லேசுப்பட்டதல்ல.

அவள் கோபத்துக்கு வேர் வேறிடத்தில் இருந்தது. அந்த நாற்காலிக்கு அவளுடைய அண்ணன் மகளும் மனுப் போட்டிருந்தாள். 'உள்ளே இருந்துகொண்டு உன்னால் இதுகூட முடியவில்லையா' என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் திரும்பவில்லை. ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் இவன் தேறாவிட்டால், அடுத்து அண்ணன் மகளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வாய்ச்சண்டைக்குப் பிறகு அவள் பக்கங்களில் ஒரு சீல் இரண்டானது.

கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. தினமும் ஆண்டவனை நினைத்துக் கண்ணை மூடிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவாள். ஆனால் ஒருவர் மேல் கசப்பு ஏறிவிட்டால், கும்பிடுகிற கையிலேயே அதுவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு குடியிருப்புக்கு மெக்கானிக் போகவேண்டிய தேதியின் மேல் அவள் சீல் விழுந்திருந்தது. பதினெட்டு என்பதை அவனுடைய மென்பொருள் பதிமூன்று என்று படித்தது. போனில் கேட்டவர்களிடம் அவனும் அப்படியே சொல்லிவிட்டான். பதிமூன்றாம் தேதி யாரும் போகவில்லை. நான்காம் மாடியில் இருக்கும் இதய நோயாளி ஒருவர், இதோ வந்துவிடுவார்கள் என்று பொழுதுக்கும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் அவருடைய மகன் நேரில் வந்து அலுவலகத்தையே கிழித்துத் தொங்கவிட்டான்.

அந்த மகன் போனதும் சீல் அக்கா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "கண்ணு தெரியாதவங்களை இந்த வேலைக்கு வெச்சா இப்படித்தான்."

எதிர் மேசைக்காரன் ஹெட்போனைக் கழற்றினான்.

"கண்ணு தெரியாததால இல்ல மேடம். உங்க சீல் தேதி மேல ஏறி உக்காந்ததால."

"என் சீல் எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும். நீங்க அடுத்த மாசம் எங்க உக்காரப் போறீங்கன்னு பாருங்க."

பயிற்சிக் காலம் முடிந்தது. அவனைப் பற்றி அறிக்கை எழுதும் பொறுப்பு சீல் அக்காவுக்கு வந்தது. எழுதியதை, மற்றவர்கள் திறக்க முடியாத தனி ஃபோல்டரில் போட வேண்டும். சம்பந்தப்பட்டவர் படித்துவிட்டு, படித்ததாகக் கீழே குறிப்பு எழுத வேண்டும். வெளியூர் போயிருந்த மேனேஜர் சாயங்காலம் அங்கிருந்தே திறந்து பார்த்து, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்.

எழுத உட்கார்ந்தவளுக்குக் கை நிற்கவில்லை. ஒரு முழுப் பக்கம். பிரிண்ட் எடுத்தாள், மூன்று சீல் குத்தினாள், ஸ்கேன் செய்து ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து, மேசை விளிம்பைத் தடவியபடி அவளிடம் வந்தான். அதுவரை அவன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"அறிக்கையையும் படமாத்தான் ஏத்தியிருக்கீங்க."

"எல்லாருக்கும் அப்படித்தான்."

"சரி. நீங்களே படிச்சுச் சொல்லுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"வேற யார்கிட்டயாவது கேளுங்க."

"இதை நாம மூணு பேருதான் பாக்கலாம்னு விதி. மேனேஜர் ஊர்ல இல்ல. என்னால பாக்க முடியாது. மிச்சம் யாரு? சட்டுன்னு படிங்க மேடம். வீட்டுல என் மனைவி போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இதுவும் போச்சுன்னா எனக்கு இது நாலாவது ஆபீஸ்."

அவள் பக்கத்தைத் திறந்தாள். 'இவருக்குப் பார்வை மட்டுமல்ல, பணிவும் இல்லை' என்று தொடங்கியது. டைப் அடிக்கும்போது அந்த வரி வாய்க்கு ருசியாக இருந்தது. இப்போது அந்த முகம் கைக்கெட்டும் தூரத்தில், காதை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு இருந்தது. சட்டைக் காலர் மடிப்புக் கலையாமல் நின்றது. இன்றைக்கென்று யாரோ பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்டிருக்கிறார்கள்.

"இவர்..." என்றாள்.

"என்ன மேடம், சீல் மேல சீல் குத்தி இப்ப உங்களுக்கே தெரியலையா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாய்க்கு இன்னும் நான்கு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். ஆனாலும் அந்த வரியை அந்த முகத்தின் மேல் அவளால் குத்த முடியவில்லை.

"இவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை," என்று படித்தாள். பக்கத்தில் அது இல்லை. "வாடிக்கையாளர்கள் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்துவதில்லை. பொறுமைசாலி. தேதி மாறிப்போனது..." கொஞ்சம் நிறுத்தினாள். "தேதி மாறிப்போனது, ஃபைல் அவர் படிக்கும்படி அனுப்பப்படாததால். வேலையில் தொடரலாம்."

அவன் சாய்த்திருந்த தலையை நிமிர்த்தினான்.

"இதையெல்லாம் நீங்களா எழுதினீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா வந்து எழுதுவா?"

"அப்ப அதையே எழுத்தா ஏத்துங்க. என் காதால ஒரு தடவை கேட்டுக்கறேன்."

"இப்பத்தானே கேட்டீங்க?"

"உங்க வாயால கேட்டேன்."

நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

சும்மா இருந்துவிடலாம். மேனேஜர் இன்னும் திறக்கவில்லை. சாயங்காலம் திறந்து அசல் பக்கத்தைப் படிப்பார், எல்லாம் அண்ணி நினைத்தபடி நடக்கும். அவள் வெகுநேரம் அந்த மூன்று ஊதா வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒன்றை வாயால் சொல்லிவிட்டால், அது சொன்னவரைச் சும்மா விடாது. ஆண்டவனின் வழிகளில் அதுவும் ஒன்று போலிருக்கிறது.

பக்கத்தை அழித்தாள். படித்துக் காட்டியதை வரிவரியாக டைப் அடித்தாள். அடிக்க அடிக்க, இது நிஜம்தானா என்று ஒவ்வொரு வரியையும் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அண்ணி இனி எத்தனை மாதத்துக்குப் பேசமாட்டாளோ? பேசாவிட்டால் போகட்டும். பிரிண்ட் பட்டனுக்குப் பழக்கத்தில் விரல் போனது, இழுத்துக்கொண்டாள். இருந்தபடியே பிடிஎஃப் ஆக்கி ஏற்றியபோது, தலை வாராமல் தெருவில் இறங்கியது போல் கூச்சமாக இருந்தது.

எதிர் மேசையில் அவன் ஹெட்போனை மாட்டிக் கேட்டான். முடிந்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து கேட்டான்.

"மேடம், நீங்க படிச்சப்ப 'பொறுமைசாலி'ன்னு ஒண்ணு வந்துச்சே. இதுல காணோம்."

"யோசிச்சுப் பாத்தேன். எடுத்துட்டேன்."

"ஏன்?"

"உங்களுக்கா பொறுமை?"

அவன் மறுக்கவில்லை. கீழே 'படித்தேன்' என்று தட்டிவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டான்.