றேடியேற்றருக்குள் முட்டை

எட்வேட் மூக்கைப் பொத்தினார். எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவுக்குத் தண்ணீர் போகும் சின்னக் குழாயைக் கழற்றியதும் வந்த நாற்றம் கருவாட்டு வாடையுமல்ல, செத்த நாய் வாடையுமல்ல. பேசாலைக் கரையில் மீன்குடலுக்கு நடுவில் வளர்ந்த மூக்கு அவருடையது. அதற்கே பொறுக்கவில்லை.

தோட்டவெளியில் தகரம் போட்ட கொட்டிலொன்றுதான் அவருடைய கராச். முன்னால் நின்றது விடத்தல்தீவு இராயப்புவின் வான். போன கிழமைதான் அதன் டர்போவுக்குத் தண்ணீர்க் குழாய்களை மாற்றிப் பூட்டிக் கொடுத்திருந்தார். இன்று காலை கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதிக்கு நடுவில் சூடேறிப் புகைந்து நின்றுவிட்டது. லொறியொன்று கட்டி இழுத்து வந்தது.

நாளை காலை எட்டு மணிக்கு இராயப்புவின் மனைவி எடித் வவுனியா ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேசனுக்கு நிற்கவேண்டும். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதற்கு எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. முதல் பஸ் போய்ச் சேரவே பத்து மணியாகும்.

எட்வேட்டுக்கு உள்ளுக்குள் வேறொரு பயமும் இருந்தது. அந்தக் குழாய் மூட்டுகளில் கசியாமலிருக்க இரண்டு பக்கமும் வாசர் என்ற செம்பு வளையம் வரும். ஒருதரம் கழற்றினால் புதிது போடவேண்டும். அன்றைக்கு நல்ல வெயில். மன்னார் ரவுணில் சரிபுதீன் கடைவரை சைக்கிள் மிதிக்கப் பஞ்சிப்பட்டு, தேய்ந்த பழசையே நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுத்துப் பூட்டிவிட்டார். ஆருக்குத் தெரியப்போகிறது என்றுதான்.

இப்போது பார்த்தால் மூட்டைச் சுற்றிக் கசிந்த வெள்ளைக் கறை. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் கம்பியை விட்டுக் குழாயைக் குடைந்தபோது கூழ்கூழாக ஏதோ வெளியே விழுந்தது.

"இதென்ன சனியன்?"

"முட்டை அண்ணை," என்றான் இராயப்பு. "சொட்டுச் சொட்டாக் கசிஞ்சது. நாலு முட்டையின்ரை வெள்ளைக்கருவை றேடியேற்றருக்குள்ள ஊத்தினனான். ஒழுக்கு நிண்டிட்டுது."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எட்வேட்டுக்கு. பழியைப் போட ஒரு தலை கிடைத்துவிட்டது. அவர் விடுவாரா?

"சீ! சண்டை முடிஞ்சு மூண்டு வருசம். கடையில சாமான் குவிஞ்சு கிடக்கு. உங்களுக்கு இன்னும் முட்டையும் சவுக்காரமும் சீலைத்துண்டும்! இந்தக் குழாய் என்ரை சின்னிவிரல் தடிப்புக்கூட இல்லை. முட்டை அவிஞ்சு இதை அடைச்சால் தண்ணி எங்கால போறது? டர்போ வேகாமல் என்ன செய்யும்? எந்த மாடு உனக்கு இதைப் பழக்கினது?"

இராயப்பு தலையைக் குனிந்தான். பதில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த எடித்திடமிருந்து வந்தது. குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நீங்கள்தான் அண்ணை."

"நானோ?"

"அடம்பனால இடம்பெயரேக்க எங்கட ட்ரக்ரர் நடுறோட்டில நிண்டிட்டுது. பின்னால செல் விழுந்து வெடிச்சுக்கொண்டிருந்தது. நீங்கள் ஓடிவந்து ஆரிட்டையும் முட்டை இருக்கோ எண்டு கேட்டனீங்கள். அடைவைக்க எண்டு என்ரை கூடையில ஆறு முட்டை கொண்டுவந்தனான். அதை உடைச்சு ஊத்தித்தான் எங்களை அனுப்பினனீங்கள். அதாலதான் கிட்டக் கிடக்கிற கராச்சுகளை விட்டிட்டு உங்களட்டை வாறம். அப்ப எனக்குக் கண் நல்ல வடிவாத் தெரிஞ்சது."

வன்னிக்குள் அப்படி எத்தனை ட்ரக்ரருக்கு முட்டை உடைத்தார் என்று எட்வேட்டுக்கே கணக்கில்லை. அன்றைக்கு வேறு வழியில்லை. போன கிழமை வழி இருந்தது, சைக்கிளும் இருந்தது. அழுகிய முட்டையைவிடத் தன்னை நினைக்கத்தான் அவருக்கு இப்போது கூடுதலாக அருவருத்தது. காறித் துப்பினார்.

"முட்டையில பிழையில்லை, இராயப்பு. கசிய விட்டது நான். பழைய வாசரைப் போட்டு உன்னை ஏமாத்தினனான்."

இராயப்பு கழற்றிப்போட்ட வாசரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். எடித், "நாளைக்குப் போவமோ அண்ணை?" என்று கேட்டாள்.

எட்வேட் டர்போவின் சுழலியை விரலால் தள்ளிப் பார்த்தார். இறுகி நின்றது. எண்ணெய் விட்டு மெல்ல மெல்ல அசைத்தார். கடைசியில் முக்கி முனகி ஒரு சுற்றுச் சுற்றியது.

"போவம். நானும் கூட வாறன்," என்றார். குழாய்களைக் கழுவும்படி இராயப்புவிடம் கொடுத்துவிட்டு, கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். நாற்றம் போகவில்லை. அப்படியே சைக்கிளை எடுத்தார்.

கடையில் சரிபுதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை வியர்வையில் தெப்பமாகியிருந்தது.

"என்ன எட்வேட், நாலு வாசருக்கோ இந்த உச்சி வெயிலுக்குள்ள வந்தனீங்கள்?"

"போன கிழமையே வந்திருக்கவேணும்," என்றார் எட்வேட்.