மேற்கு வரம்பில் புழு

1

“புழு இல்ல எண்டு நீங்கதானே சேர் சொன்ன? இஞ்ச வந்து பாருங்க. இது என்ன, பூவுக்குப் போட்ட தோடா?”

“கத்தாதங்க வதனி. நேற்றும் பாத்த நான். ஒண்டும் இல்ல.”

“எங்க பாத்த நீங்க? கனவிலயா?”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்: வதனியின் வயலோடு ஒட்டிய என் வேலியில் காயப்போட்ட சீலையை எடுக்கப் போன இடத்தில். அது எப்போதோ காய்ந்துவிட்டது என்பதை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன். ‘உன்னிச்சைக் குளத்தின் மேலே கதிரவன் எழ, ஆயிரம் பொன்முகங்கள்...’ அடித்துவிட்டேன். பூவைப் பற்றி எழுதினால் அழகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. விவசாயம் எழும்பிப் போய்விடுகிறது.

ஆகவே விவரம். வதனி முப்பதைத் தாண்டியவள், கட்டாரில் வேலை செய்து திரும்பியவள், தனியாள். நாகரெத்தினம் அண்ணரிடம் அவள் குத்தகைக்கு எடுத்த காணி வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. மழை குறைந்த சிறுபோகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் அங்கே வந்து சேராது. சூரியகாந்தி போட்டாள். வயல்வட்டை முழுக்கச் சிரித்தது.

“பூக்கடை போடப் போறாளாக்கும்,” என்றார் நாகரெத்தினம். விதை உள்ளே பருப்பில்லாமல் சப்பியாய்ப் போனால் அடுத்த போகம் காணி அவளுக்கில்லை என்பதையும் அதே சிரிப்போடு சொல்லிவைத்தார்.

கிரிசாந்த், விதை கொடுத்த சங்கத்தின் ஆள். பயிர் பார்க்க வருவான். வதனி ‘சேர்’ என்றது இவனைத்தான். (பாத்திரமாக இவன் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. இஸ்திரி போட்ட சட்டையோடு வயலுக்கு வருகிறவனை எந்த வாசகர் நம்புவார்? ஆனால் அப்படித்தான் வந்தான்.)

3

பூச்சி பார்க்க ஒரு முறை உண்டு. வயலைக் குறுக்கும் மறுக்குமாக நடக்க வேண்டும். வரம்போரம், நடு, மூலை என்று நின்று நின்று பூவைத் திருப்பி, முன்னும் பின்னும் புழுவைத் தேட வேண்டும். வதனிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே கிரிசாந்த்தான். அப்படிப்பட்டவன் எப்படி, எதனால்...

விடுங்கள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கண்டதையே எழுதுகிறேன். வதனி கிணற்றடியில் நின்றால் அவன் கிணற்றடிப் பூக்களைத் திருப்பினான். குடிலடியில் நின்றால் குடிலடிப் பூக்களை. மேற்கு வரம்பில் நிழல் இல்லை, அவள் அங்கே போவதில்லை. அவனும் போகவில்லை. புழு போனது.*

* புழுவுக்கு யார் மேலும் தனி விருப்பம் கிடையாது. அது வயல் முழுக்கப் பார்க்கும்.

4

மருந்தடித்தால் என்ன என்பீர்கள். நாகரெத்தினமும் அதைத்தான் சொன்னார். ஆனால் பூ விரிந்திருந்த நேரம். மருந்து தேனீயைக் கொல்லும். தேனீ வராவிட்டால் விதை நிறையாது. ஏறாவூரில் எண்ணெய் ஆலை வைத்திருக்கிற ஹில்மி ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார் (வதனி ஸ்பீக்கரில் பேசுவாள், நான் என்ன செய்ய):

“தேங்காயெண்ணெய் விலை ஏறிக் கிடக்கு தங்கச்சி, சனம் சூரியகாந்தி கேக்குது. நிறைஞ்ச விதை எண்டா எவ்வளவும் எடுப்பன். சப்பியக் கிளிக்குப் போடுங்க.”

ஆகவே வதனியும் கிரிசாந்தும் புழுவைக் கையால் பொறுக்கினார்கள். வெயில் தாழ்ந்த பிறகு, புழுவைப் போட ஆளுக்கொரு சவர்க்கார நுரைத்தண்ணி வாளியோடு. முதலில் பேச்சில்லை. பிறகொரு பின்னேரம்:

“சேர், ஒண்டு கேக்கட்டா? மேற்குப் பக்கம் ஏன் பாக்காம விட்ட நீங்க?”

அவன் திருப்பிய பூவையே திரும்பவும் திருப்பினான். நான் காய்ந்த சீலையைத் திரும்பவும் விரித்துப் போட்டேன்.

“அங்க நீங்க நிக்கல்லயே.”

[இங்கே அவள் நாணித் தலைகுனிந்ததாக எழுதி, அடித்தேன். குனியவில்லை. “வாளி நிரம்பிற்று, ஊத்திட்டு வாங்க,” என்றாள். சேர் என்பதை விட்டுவிட்டாள்.]

5

அதன்பின் வதனி ஓரிடத்தில் நின்றதில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மேற்கு வரம்பில் புல் பிடுங்கினாள். பிறகு வடக்கு மூலையில். பிறகு நடுவில். அவன் பின்னாலேயே பூக்களைத் திருப்பிக்கொண்டு போனான். இவ்வளவு ஒழுங்காகப் பூச்சி பார்க்கப்பட்ட வயலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மேற்கில் கொஞ்சம் சப்பி, மற்றதெல்லாம் நிறைந்தது. ஹில்மி லொறி அனுப்பினார். நாகரெத்தினம் தானாகவே வந்து, “அடுத்த போகமும் நீயே செய் மகள்,” என்றார்.

6

முடிவைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மேளம் அடிக்கிறது. ஒன்றில் அவள் தனியே வரம்பில் நின்று... அதையும் அடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். சங்கம் கிரிசாந்தைக் கிரானுக்கு மாற்றியது. கொஞ்ச நாளில் வதனி, அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய காணியை நாகரெத்தினத்திடமே திருப்பிக் கொடுத்தாள்.

“எங்க புள்ள போறாய்?” என்று கேட்டேன்.

“கிரான்ல மண் நல்லமாம் அக்கா.”

“ஆர் சொன்ன?”

“மண் பாக்கத் தெரிஞ்ச ஒராள்.”

எனக்கு உறுதியாகத் தெரிந்த கல்யாணம் நாகரெத்தினத்தின் மகள் சர்மிலாவுடையதுதான். கனடா மாப்பிள்ளை, புளியந்தீவில் மண்டபம். அதில் கதையே இல்லை.

கிரானில் எனக்கு வேலி இல்லை. உங்களுக்கு இருந்தால், சீலை காயப்போடுங்கள். அங்கே ஒரு சூரியகாந்தி வயலில் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள், அவன் எந்தப் பக்கத்துப் பூவைத் திருப்புகிறான் என்று பார்த்து, மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.