பொட்டுக்கு மேல் மூன்று அங்குலம்

உத்திரமேரூருக்கு வெளியே இருந்த அந்தக் கல் உடைக்கும் கிரஷருக்குப் பத்து நாள் அவகாசம் கிடைத்திருந்தது. சாலை போடும் கம்பெனிக்கு மணிக்கு நூற்றெண்பது டன் முக்கால் அங்குல ஜல்லி வேண்டும். எட்டு மணி நேரம் ஓட்டி, சராசரியாக அவ்வளவு காட்டினால் மூன்று வருட ஆர்டர். இல்லையென்றால் கிரஷரை விற்றுவிடுவதாக முதலாளி ஞானசுந்தரி சொல்லிவிட்டார்.

இப்போது வருவது நூற்றிருபதுதான். கல்லை உடைக்கும் இயந்திரத்தில் குறையில்லை. உடைந்த ஜல்லி ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து நீண்ட ரப்பர் பெல்ட்டில் மேலே ஏறுகிறது. அந்தப் பெல்ட்தான் அதற்கு மேல் எடுக்கவில்லை.

பெல்ட்டை ஓட்டுகிறவள் நதியா. ஊரோரத்து இருளர் குடியிருப்பிலிருந்து இந்த நாற்காலிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் செங்கல் சூளை. கிரஷர் கைமாறினால் மறுபடியும் சூளைதான் என்பது அவளுக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் பார்த்திபன் ஓட்டும் அறையில் நின்று, "மேடம், அகலமான புது பெல்ட் போடணும். நாலு மாசம் ஆகும்" என்றார்.

"பத்து நாள் கேட்டா நாலு மாசம் சொல்றீங்களே" என்றார் ஞானசுந்தரி.

நதியா மின்சார மீட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: "சார், மோட்டார் மேல நாப்பது ஆம்ப்ஸ்னு எழுதிக்கீது. நான் வந்த நாள்லேர்ந்து முள்ளு இருவத்திரண்ட தாண்டல. பாதி பலத்துலதான் ஓடிக்கினு கீது."

பார்த்திபன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காகிதத்தை எடுத்து பெல்ட்டின் அகலம், வேகம், ரோலர்களின் சாய்வு எல்லாவற்றையும் எழுதிக் கணக்குப் போட்டார். ஒருமுறை அடித்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"மணிக்கு நூத்தித் தொண்ணூறு டன் எடுக்கணுமே. தொட்டிக் கதவை ஏன் இவ்வளவு தாழ்த்தி வச்சிருக்கீங்க?"

"பொட்டு கீதே சார்."

தொட்டியின் வாயில் ஜல்லியை அளந்து விடும் இரும்புக் கதவு. அதன் சட்டத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். பொட்டுக்கு மேலே கதவைத் தூக்கினால் பெல்ட் அறுந்துவிடும் என்று ஃபிட்டர் வேதகிரிதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குச் சொன்னவர் முன்பிருந்த ஆபரேட்டர்.

"இது கம்பெனிக் குறி இல்லியே" என்றார் பார்த்திபன். "யார் அடிச்சது?"

வாசலில் வாட்ச்மேனாக இருந்த மாசி வரவழைக்கப்பட்டார். நதியாவின் மாமனார். கிரஷர் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்.

"நான்தாங்க அடிச்சேன். மொத ஆயுத பூஜைக்கு. குங்குமம் வச்சா தூசியில அழிஞ்சி பூடுது. பெயின்ட் டப்பா கைல இருந்திச்சி, ஒரேடியா வச்சி வுட்டேன்."

"அளவுக்கு வைக்கலியா?"

"பொட்டுக்கு இன்னாங்க அளவு? கை எட்டுன எடத்துல வச்சேன்."

ஒன்பது வருடமாக அந்தக் கிரஷர் மாசியின் கை எட்டிய உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது ஞானசுந்தரிதான்.

நதியா கதவைப் பொட்டுக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கினாள். பெல்ட் அறுந்துவிடவில்லை. ஆனால் ஜல்லி ஓரமாக வழிந்து மழைபோலக் கீழே கொட்டியது. சிந்தியதை வாருவது நதியாவின் மாமியார் பச்சையம்மாளின் வேலை. மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு கத்தினாள்.

"இன்னாடி, மேல குந்திக்கினு மாமியாரக் கல்லால அடிக்கிறியா?"

நதியா பெல்ட்டை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். "எந்தப் பக்கம் அத்த கொட்டுது?"

"லாரி நிக்கிற பக்கம்தான். என்னிக்கும் அங்கதான். இந்தாண்ட ஒரு கல்லு வுயுந்து நான் பாத்ததில்ல. யாராச்சும் கேட்டாதான?"

பார்த்திபன் குனிந்து பார்த்தார். தொட்டியிலிருந்து ஜல்லி இறங்கும் தகரச் சரிவு ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. ஜல்லி பெல்ட்டின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தது. மறுபாதி பெல்ட் காலியாகவே மேலே போய் வந்துகொண்டிருந்தது.

வேதகிரி பழைய டிப்பர் லாரியின் அடித்தகட்டை வெட்டிச் சரிவின் தேய்ந்த பக்கத்தில் வைத்து வெல்டிங் அடித்தார். நான்கு முறை வைத்து, எடுத்து, கோணம் மாற்றி வைத்தார். ஆறாம் நாள் மாலை ஜல்லி பெல்ட்டின் நடுமுதுகில் குவிந்து, இருபக்கமும் சமமாகச் சரிந்து ஏறியது. பச்சையம்மாள் கால்மணி நேரம் மண்வெட்டியில் சாய்ந்து நின்றாள். ஒரு கல் விழவில்லை.

பத்தாம் நாள் சாலைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதல் மணியில் நூற்றெழுபத்தெட்டு. இரண்டாவதில் நூற்றெழுபத்தாறு. பார்த்திபன் நகத்தைக் கடித்தார். நதியா மீட்டரைப் பார்த்தாள். முள் முப்பத்திரண்டில் நின்றது. இன்னும் இடமிருக்கிறது. யாரையும் கேட்காமல் கதவை இன்னும் ஒரு அங்குலம் தூக்கினாள். முள் முப்பத்தைந்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. பெல்ட்டின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன.

மூன்றாம் மணியில் நூற்றெண்பத்தாறு. அதற்குப் பிறகு குறையவேயில்லை. மாலை நான்கு மணிக்கு எடைமேடையிலிருந்து வேதகிரி கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். "ஆயிரத்து நானூத்தி எழுவத்தி ரெண்டு! மணிக்கு நூத்தியெம்பத்தி நாலு!" லாரி டிரைவர்கள் ஹாரனை அடித்தார்கள். மாசி துண்டை அவிழ்த்துச் சுழற்றினார்.

பார்த்திபன் நதியாவிடம் கை நீட்டினார். அவள் ஜல்லித் தூசியைப் புடவையில் துடைத்துவிட்டுக் கை குலுக்கினாள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு ஞானசுந்தரி ஓட்டும் அறைக்கு ஏறி வந்தார். "நாளையிலேர்ந்து ரெண்டு ஷிஃப்ட். நீதான் சீனியர். இன்னொரு ஆபரேட்டர் வேணும். யாரைப் போடலாம், சொல்லு."

கீழே பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "நீ வச்ச பொட்டால ஒம்பது வருசம் போச்சி. இப்ப கொட்டவே மாட்டேங்குது. எனக்கு இனிமே இன்னாய்யா வேல கீது?"

நதியா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்த, மம்முட்டியப் போட்டுட்டு மேல வா. சுவிட்ச் எதுன்னு காட்டுறேன்."

"நானா? உன் கைக்குக் கீழயா?"

"ஆமா. வெரசா வா, லாரி நிக்குது."

பச்சையம்மாள் முணுமுணுத்தபடியே படியேறி வந்து, மருமகள் எழுந்து இடம் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.